நாலு ராணி, ஒரு ராஜா

செஸ் தெரியாதவர்களை வைத்து செஸ் போட்டி நடத்திப் பாருங்கள், அப்போது புரியும் என் பிழைப்பு. குதிரை எப்படித் தாண்டும் என்று போன மாதம்தான் கற்றுக்கொண்டவர்கள். யானையைக் கோணலாக நகர்த்திவிட்டு, சரிதானே என்பதுபோல என் முகத்தைப் பார்ப்பவர்கள். ராஜாவுக்கு செக் என்று சொன்னால், "அப்பிடீங்களா, எங்கிருந்துங்க?" என்று எதிராளியிடமே விசாரிப்பவர்கள். ஈரோட்டில் பெருந்துறை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில், பந்தி மேஜைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் போர்டுகளை விரித்து, இப்பேர்ப்பட்டவர்களுக்கு நடுவே ஆர்பிட்டர், அதாவது நடுவர், என்ற பட்டத்தோடு நான் நடந்துகொண்டிருக்கிறேன். கால் வலி தனி.

எல்லாம் இந்த நெற்றிப்பட்டை செய்த வேலை.

முதலில் இதைக் கொண்டுவந்தது திருட்டு ஆட்டத்தைப் பிடிக்கத்தான். காதுக்குள் மெஷினை ஒளித்து வைத்துக்கொண்டு, அது சொல்லச் சொல்லக் காய் நகர்த்தும் பயல்கள் பெருத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தனைக்கூட இந்தப் பட்டை பிடிக்கவில்லை. ஆனால் வேறொன்றைக் கச்சிதமாகப் பிடித்தது. ஓர் ஆள் மனசு விடுகிற கணம் இருக்கிறதல்லவா, "இனி நம்மால் ஆகாது" என்று உள்ளே ஏதோ கழன்று விழுமே, அதை. வாய் சொல்வதற்கு முன்னால், சில சமயம் அந்த ஆளுக்கே தெரிவதற்கு முன்னால், நெற்றியில் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். செஸ் சம்மேளனத்துக்காரர்கள் பார்த்தார்கள். சிவப்பு எரிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்ததாகக் கணக்கு என்று ரூல் போட்டுவிட்டார்கள். தோற்ற ஆட்டத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு இழுக்கிறவர்களால் என் மதியச் சாப்பாடு ஆறிப்போவது நின்றது. நானும் கும்பிடு போட்டு வரவேற்றேன்.

அதன்பிறகு, நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கிற மருத்துவத் திட்டக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள்.

அவர்கள் சார்பில் இந்தப் போட்டிக்கு அக்‌ஷதா என்று ஒரு பெண் வந்திருந்தாள். மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற அந்தச் சிவப்பு வெல்வெட் சோபாவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகம், மெட்ராஸ் பேச்சு. டீ இடைவேளையில் நான் வாய்விட்டே கேட்டேன்.

"ஏம்மா, நோயாளிங்களைக் கொண்டுவந்து எதுக்கு எங்க தலைல கட்டறீங்க? ஆஸ்பத்திரியிலயே பட்டையைக் கட்டிப் பார்த்துக்கக் கூடாதா?"

"அங்க எல்லாருமே பச்சைதான் சார். ஊசி போட வந்த டாக்டர் முன்னாடி யாராவது மனசு விடுவாங்களா? எதிர்ல ஒருத்தர் உக்காந்து, இவங்களைத் தோக்கடிச்சே ஆகணும்னு மூளையைக் கசக்கணும். அப்பதான் நிஜம் வெளிய வரும்."

"வந்து?"

"மருந்து ரொம்ப காஸ்ட்லி சார். எல்லாருக்கும் குடுக்க முடியாது. மனசு விட்டவங்களுக்கு மருந்து கேக்கறதில்லன்னு டேட்டா சொல்லுது. அதனால விடாதவங்களுக்கு முதல்ல குடுக்கறோம். இதுல என்ன தப்பு?"

இதில் என்ன தப்பு என்று எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அதுதான் எரிச்சல். ஒரு போட்டி முழுக்க, எல்லா ரவுண்டும், நெற்றி ஒரு தடவைகூடச் சிவக்கக் கூடாது. ஜெயிக்க வேண்டியதில்லை. செக்மேட் வாங்கித் தோற்றாலும் பரவாயில்லை. சிவக்காமல் தோற்றால் போதும், மருந்து உண்டு.

அப்படி வந்தவர்தான் மோகனப்பிரியா. பவானிப் பக்கம். நாற்பதைத் தாண்டியிருப்பார். ரத்தத்தில் புற்று. தலையில் முடி இல்லாததால் பூப்போட்ட துணி ஒன்றைச் சுற்றி, அதற்கு மேல் பட்டையைக் கட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு இது கடைசி வாய்ப்பு. திங்கட்கிழமை ஊசி ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஆரம்பித்துப் பிரயோசனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதை எனக்குச் சொன்னது அவருடைய கணவர். மண்டபத்துக்குள் ஆட்டக்காரர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை என்பதால், மனுஷன் ரெண்டு நாளாக கேட்டுக்குப் பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்தம்மா ஒவ்வொரு ஆட்டமும் தோற்றார். தோற்று முடித்ததும் ஓடிவந்து என்னிடம் சொல்வார்: "சார், செக்மேட் வாங்கிட்டனுங்க!" முதல் பரிசு வாங்கினவள்கூட அவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மாட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கடைசி ரவுண்டு வரை அந்த நெற்றி பச்சைதான்.

கடைசி ரவுண்டில் அவருக்குக் கவின்ராஜோடு ஆட்டம் விழுந்தது.

கவின்ராஜை இந்தப் பக்கத்துச் செஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கோயம்புத்தூர்ப் பையன், முப்பது வயதுக்குள், பம்ப்செட் கம்பெனியில் வேலை. ஆட்டம் சுமார்தான். ஆனால் உடைக்கிறதில் கெட்டிக்காரன். உடைப்பு என்றால் எதிராளியின் நெற்றியைச் சிவக்க வைப்பது. ரெண்டு பேர் சமமான புள்ளியில் நின்றால் யார் அதிகம் உடைத்தார்களோ அவர்களுக்குத்தான் பரிசு என்று இன்னொரு புண்ணியவான் ரூல் போட்டிருந்தான். அன்றைக்குக் கவின்ராஜும் கரூர்க்காரர் ஒருவரும் மூன்றாம் பரிசுக்குச் சமமாக நின்றார்கள். மூன்றாம் பரிசு ஒரு மிக்ஸி. தமாஷ் பண்ணவில்லை, நிஜமாகவே மிக்ஸி.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவின் குதிரை போனது. அப்புறம் யானை. அப்புறம் ராணி. மற்ற மேஜைகளில் ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள். இங்கே கறுப்பில் ராஜா மட்டும் தனியாக நிற்கிறார். வெள்ளையில் கவினுக்கு ராணி, கூடவே மூன்று சிப்பாய்கள். ஒரே ஒரு நகர்த்தலில் செக்மேட் இருந்தது. எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாதா?

அவன் செக்மேட் வைக்கவில்லை. எழுந்து டீ குடிக்கப் போனான்.

அவனுடைய நேரம்தான் ஓடுகிறது, நான் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தம்மா கையைக் கட்டிக்கொண்டு, தன் ராஜாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டீயைக் குடித்து, வாயைத் துடைத்து, மெதுவாக வந்து உட்கார்ந்த கவின், ராணியைத் தொடாமல் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். கொட்டாவி விட்டான். அந்தம்மா ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். அவன் மறுபடியும் சிப்பாயைத் தள்ளினான். கடைசிக் கட்டத்தை அடைந்ததும் கையைத் தூக்கினான்.

"சார், இன்னொரு ராணி வேணுமுங்க."

சிப்பாய் கடைசிக் கட்டம் போனால் ராணியாகும், ராணியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது என் வேலை. பக்கத்து மேஜையிலிருந்து ஒரு வெள்ளை ராணியை எடுத்துக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

"ஏப்பா கவினு," என்று அவன் காதோரம் குனிந்தேன். "முடிச்சு விட்டுரு. பாவமா இருக்குது."

"ஆடிட்டிருக்கறப்ப ஆர்பிட்டர் ஆட்டத்தைப் பத்திப் பேசக்கூடாதுங்க சார்," என்றான். சத்தமாக, அந்தம்மாவுக்கும் கேட்கிற மாதிரி. ரூல் அவன் பக்கம். வாயை மூடிக்கொண்டு நகர்ந்தேன்.

இரண்டாவது சிப்பாய்க்கும் ராணி கொடுத்தேன். மூன்றாவதுக்கும் கொடுத்தேன். வெறும் ராஜாவை நாலு ராணி சுற்றி நிற்கிறார்கள். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனையும் அந்த இடத்தில் கொண்டு நிறுத்துங்கள், கையை நீட்டிவிட்டு எழுந்துபோவான். அதுதான் செஸ்காரனின் மரியாதை, தோற்ற ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழக்குகிறோம். அந்தம்மாவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. நல்லவேளை, தெரியாது. ஒவ்வொரு தடவை கவின் சும்மா ஒரு செக் சொல்லி நிமிர்ந்து அந்த நெற்றியைப் பார்ப்பான். பச்சை மங்கும், துடிக்கும், மறுபடி நிலைக்கும். அந்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ராஜாவை நகர்த்துவார். ரெண்டு தடவை கண்ணில் தண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்தார். பச்சை போகவில்லை. எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். ராஜா தானாக ஓடவில்லை. அந்தம்மா அதை ஓட்டிக்கொண்டு போகிறார். நடுவில் இடமிருந்தும் போகாமல், ஒவ்வொரு கட்டமாக மூலைக்குக் கொண்டுபோகிறார்.

அட, என்று நினைத்தேன். இந்தம்மாவுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜாவுக்கு செக்கும் இல்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை என்று ஆகிவிட்டால், எதிராளியிடம் எத்தனை ராணி இருந்தாலும் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்து டிரா. ஸ்டேல்மேட் என்பார்கள். நாலு ராணி வைத்திருக்கிறவன் கொஞ்சம் அசந்தால் அதில்தான் விழுவான். மூலையில் நிற்கிற ராஜாவிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியைக் கொண்டுபோய் வைத்தால் போதும், தீர்ந்தது. செஸ் கற்கிற குழந்தைகள் முதல் வருஷம் பண்ணுகிற தப்பு. கவின்ராஜ் போன்ற ஆள் பண்ண மாட்டான், போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தால். அவன் போர்டைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜா மூலைக்கு வந்தது. கவின் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ராணியை எடுத்தான். இன்னும் நெருங்கி நின்று பயமுறுத்தலாம் என்று நினைத்திருப்பான் போல. கை காற்றில் போனது. சரியாக அந்தக் கட்டத்துக்கு மேலே போய் நின்று இறங்க ஆரம்பித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வை, வை, வைத்துத் தொலை.

வைத்தான். கையை எடுத்தான்.

"ஸ்டேல்மேட்!" என்று நான் கத்தியேவிட்டேன். ஆர்பிட்டர் கத்தக்கூடாது. கத்தினேன். என் நெஞ்சு அப்படி லேசானது. பட்டை என் நெற்றியில் இருந்திருந்தால் என்ன நிறம் காட்டியிருக்கும் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

அந்தம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நெற்றி சிவப்பாக இருந்தது.

கவின் குனிந்து போர்டைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. நிமிர்ந்து அந்த நெற்றியைப் பார்த்தான், அவன் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. "சார், சிவப்புங்க," என்றான்.

"ஆட்டம் முடிஞ்ச பின்னாடி எரிஞ்சா செல்லாது."

"எப்ப எரிஞ்சுதுன்னு பாருங்க சார்."

போர்டுக்கு அடியில் மெஷின் இருக்கிறது, காயைத் தொட்ட நேரமும் விட்ட நேரமும் பட்டையின் நேரத்தோடு பதிவாகும். மேடைக்குப் போய் அக்‌ஷதாவின் லேப்டாப்பில் பார்த்தோம். பச்சை போனது முதலில். கவினின் கை காயை விட்டது அதற்கப்புறம். நடுவில் ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ராணி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா பார்த்துவிட்டார். அப்பாடா என்று உள்ளே ஒரு மூச்சு விட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

"கவினு, இங்க பாரு," என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "எதிராளி சம்மதிச்சா நான் டிரான்னு எழுதலாம், ரூல்ல இடமிருக்குது. அந்தச் சிவப்பும் கணக்குல வராது. அவங்க மனசு விடல. பொழைச்சோமுன்னு நெனச்சாங்க. உனக்கே தெரியுமில்ல?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியுதுங்க."

"அப்பறம் என்ன? மிக்ஸிதானே? நான் வாங்கித் தரேன்."

"மிக்ஸிக்கு இல்லைங்க சார்." குரல் இறங்கிவிட்டது. "நாலு ராணி வச்சுக்கிட்டு ஸ்டேல்மேட் போட்டேன்னு ரிசல்ட் நெட்ல ஏறுமுங்க. ஆட்டத்தை யாரு வேணாலும் எடுத்துப் பார்க்கலாம். நம்ம குரூப்ல ஒருத்தன் விடாம ஓட்டுவானுங்க. செத்தாலும் மறக்க மாட்டானுங்க."

"அந்தம்மா நெஜமாவே செத்துப்போவாங்கடா."

அவன் கண் கலங்கியிருந்தது என்றுகூடச் சொல்வேன். ஆனால் தலையை அசைத்தான், மாட்டேன் என்று. உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அமெச்சூர் ஆட்டக்காரர்களோடு பழகினவர்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

விட்டுவிட்டு அக்‌ஷதாவிடம் வந்தேன். "பாரும்மா, ஆட்டம் எப்படியோ போகட்டும். உங்க மெஷின் தப்பாக் காட்டியிருக்குது. அது தோல்வி இல்ல. நிம்மதி."

அவள் கோபப்படவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். "தெரியும் சார். நிம்மதிக்கும் இது சிவக்கும். ஆரம்பத்துலயே தெரியும்."

"தெரிஞ்சுமா வச்சிருக்கீங்க?"

"நிம்மதி ஆனவங்களும் பிழைக்கறதில்ல சார். 'அப்பாடா'ன்னு ஒரு தடவை சாஞ்சுட்டாங்கன்னா உடம்பும் சேர்ந்து சாஞ்சுடுது. டேட்டாவுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. அதனால மெஷினைத் திருத்தல." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ரிசல்ட் போயிடுச்சு. இனி என் கையில இல்ல."

"யார் கைல இருக்குது?"

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுத்தாள். நல்ல பெண்தான், என்ன செய்ய.

அந்தம்மாவிடம் நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டு, "ஓ," என்றார். அழுவார் என்று காத்திருந்தேன், அழவில்லை. வெளியே கேட்டில் கணவர் நிற்கிறார், எழுந்துபோனால் அவரிடம் சொல்லியாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, எழுந்திருக்காமல் கவினைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, நான் எங்கீங்க தப்பு பண்ணினேன்?"

ஆட்டம் முடிந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து எங்கே தப்பு நடந்தது என்று காய்களை நகர்த்திப் பேசுவது செஸ்காரர்கள் வழக்கம். தோற்றவர் கேட்டால் ஜெயித்தவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இந்த ஒரு மரியாதையை மட்டும் அந்தம்மா எங்கேயோ கற்றிருந்தார். கவின் வந்து உட்கார்ந்தான். வேறு வழியில்லை அவனுக்கு.

"நடுவுல நெறைய இருக்குதுங்க," என்றான். "குதிரையைச் சும்மா விட்டீங்க..."

"அதெல்லாம் தெரியுதுங்க. கடைசீல சொல்லுங்க."

அவன் நாலு ராணிகளையும் பழைய இடத்தில் வைத்தான், ராஜாவை மூலையில் வைத்தான். "கடைசீல தப்பே இல்லைங்க. மூலைக்குக் கொண்டுவந்தது செம ஆட்டமுங்க. நான் பார்க்கவேயில்ல."

"எங்க வூட்டுக்காரரு சொல்லிக் குடுத்தாருங்க. ஒண்ணுமே இல்லாட்டி மூலைக்கு ஓடுன்னு." அந்தம்மா முன்னால் சாய்ந்துகொண்டார். "அப்பறம் எங்க விட்டேன்?"

கவின் ஒரு ராணியைக் கையில் எடுத்து, அந்தக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தான். "நான் கையை எடுக்கற வரைக்கும் பொறுத்திருக்கணுமுங்க," என்றான் கடைசியில். "எடுத்ததுக்கு அப்பறம் சந்தோஷப்பட்டிருக்கலாம்."

அந்தம்மா தலையை ஆட்டினார், பாடம் கேட்டுக்கொள்கிற மாதிரி. "கையை எடுக்கற வரைக்கும்," என்று திருப்பிச் சொல்லிக்கொண்டார். "சரிங்க. அடுத்த தடவை ஞாபகம் வச்சுக்கறனுங்க. எங்க, இன்னொருக்கா வைங்க பார்க்கலாம். நான் சும்மா இருக்கறனான்னு பார்க்கறேன்."

எங்கள் ஜில்லாவில் அடுத்த போட்டி பொங்கலுக்கு அப்புறம், அதற்கு இன்னும் மாசக்கணக்கு. அது அவருக்கும் தெரியும். கவின் ராணியை மறுபடி தூக்கி, மெதுவாக இறக்கி வைத்து, கையை எடுத்தான். அந்தம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பச்சை விளக்கு மறுபடி வந்து அசையாமல் எரிந்தது. காலையிலிருந்து நான் பார்த்ததில் அவ்வளவு திடமாக எரிந்தது அப்போதுதான்.

நான் அக்‌ஷதாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் மூடியிருந்தது. "சார்," என்றாள் மெதுவாக, "அந்த ஒரு பட்டைதான் பாக்கி. வாங்கிட்டீங்கன்னா நான் கிளம்பலாம்."

போய்ப் பின்னால் நின்றேன். அந்தம்மா நிமிர்ந்து பார்க்காமல், "ஒரு நிமிஷமுங்க சார், இன்னும் ஒரே ஒருக்கா," என்றார்.

"ஆட்டம் முடிஞ்சுதும்மா," என்று சொல்லிவிட்டு, தலைத்துணி அவிழாமல் பட்டையைக் கழற்றி, எரிந்துகொண்டிருந்த பச்சையை அணைத்துப் பெட்டியில் போட்டேன்.